பிங்க்கும் வயலட்டும் தவிர ஒன்றும் தெரியவில்லை என்றாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ அழுகிறாய், எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. எழுதினால் இரண்டு பேருக்கும் நிதானம் இருக்கும்.

ஹிஸ்டாலஜி என்கிற திசுப் பாடத்தின் பிராக்டிகலில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் எல்லா ஸ்லைடும் ஒன்றாகத்தான் தெரிகிறது, பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் எட்டிப் பார்த்ததுமே பெயர் சொல்லிவிடுகிறார்கள் என்றாய். அவர்களில் சில பேர் திசுவைப் பார்த்தே சொல்லியிருக்க மாட்டார்கள். எந்த ஸ்லைடுக்கு ஓரம் உடைந்திருக்கிறது, எதில் துண்டு கோணலாக ஒட்டியிருக்கிறது என்று ஞாபகம் வைத்துச் சொல்வார்கள். பரீட்சைக்கு வேறு செட் எடுத்து வைத்தால் அன்றைக்குத் தெரியும் சேதி.

நான் ஸ்லைடு பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவள் இல்லை. வெட்டி, சாயம் ஏற்றி, டாக்டர் மேஜையில் வைக்கிறவள். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அதுதான் என் வேலை. அதனால் நீ பார்க்கிற அந்தக் கண்ணாடித் துண்டுக்கு முன்னால் என்னென்ன நடந்தது என்று என்னால் சொல்ல முடியும்.

முதலில், அந்த பிங்க்கும் வயலட்டும் உடம்பில் இல்லை. நாங்கள் ஏற்றியது. சாயம் ஏறாத துண்டைக் கண்ணாடியில் ஒட்டி லென்ஸுக்குக் கீழே வைத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. ஹிமடாக்சிலின் என்கிற சாயம் மெக்சிகோ பக்கத்து மரம் ஒன்றின் கட்டையிலிருந்து வருவது. அதைப் படிகாரத்தோடு சேர்த்தால்தான் செல்லின் கருவான நியூக்ளியஸைப் பிடித்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரில் கழுவும்போது நீலம் தெளியும். இயோசின் செயற்கைச் சாயம், மிச்சத்தை பிங்க் ஆக்கிவிடும். ஆக, நீல-வயலட் தெரிகிற இடத்தில் நியூக்ளியஸ்கள் நெருக்கமாக இருக்கின்றன, பிங்க் பரந்து கிடக்கிற இடத்தில் கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசமோ நாரோ நிறைய இருக்கிறது. பெயரைத் தேடுவதற்கு முன்னால் இந்த ஒன்றை மட்டும் பார்.

சாயத்துக்கு முந்தைய கதை இன்னும் நீளம். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து துண்டு, கெடாமல் காக்கும் ஃபார்மலினில் வரும். பிறகு படிப்படியாக ஆல்கஹாலில் போட்டு நீரை எடுத்து, சைலீன் என்கிற கரைப்பானில் போட்டு, உருகிய பாரஃபின் மெழுகில் ஊறவைத்துக் கட்டியாக்குவோம். அந்தக் கட்டியை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் நாலைந்து மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தி எடுப்போம். இத்தனை குளியலில் எது கரையுமோ அது கரைந்துதான் போயிருக்கும். கொழுப்புத் திசுவில் வெறும் வெள்ளை ஓட்டைகளாக இருக்கிறது என்று குழம்பினாயே, ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போனதன் மிச்சம் அது. கொழுப்பையே பார்க்க வேண்டுமென்றால் உறையவைத்து வெட்டி வேறு சாயம் போட வேண்டும். குடலில் சளி சுரக்கிற கோப்ளெட் செல்லும் அப்படித்தான் வெளிறிக் காலியாகத் தெரியும்; அதிலிருக்கிற சளிக்கு எங்கள் வழக்கமான சாயம் சரியாக ஏறாது. பிஏஎஸ் என்கிற வேறு சாயம் போட்டால் பளிச்சென்று மெஜந்தாவில் எழுந்து நிற்கும். வெள்ளையாக இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிடாதே.

அடுத்தது வெட்டுவாக்கு. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஒரு உருவம், நீளவாக்கில் கீறினால் வேறு, சாய்த்து வெட்டினால் இன்னொன்று. சிறுநீரகக் குழாய்களும் அப்படித்தான் ஒரே ஸ்லைடில் வட்டமாக, நீளமாக, அரைகுறையாகக் கிடக்கும். புத்தகப் படத்தில் இருக்கிற வட்டத்தையே தேடினால் கிடைக்காது. நாங்கள் துண்டைக் கட்டியில் எந்தப் பக்கமாக வைத்தோமோ அதுதான் உனக்குத் தெரியும். (புதிதாக வந்த பையன் தோலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேல்தோல் எங்கே என்று டாக்டர் கேட்டதும் விழித்தது வேறு கதை.)

அளவு தெரியவில்லை என்றால் சிவப்பணுவைத் தேடு. பெரும்பாலான ஸ்லைடுகளில் ஏதாவது ஒரு ரத்தக்குழாய் இருக்கும். சிவப்பணு ஏழெட்டு மைக்ரான். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு பக்கத்துச் செல்லைப் பார்.

லென்ஸைச் சின்னதிலேயே வை. நீ எடுத்தவுடன் நாற்பது மடங்கு லென்ஸுக்குத் தாவுகிறாய் என்று நினைக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் செய்கிறார்கள். முதலில் வெறும் கண்ணால் ஸ்லைடைத் தூக்கிப் பார், அப்புறம் நாலு, பத்து. ஓரம் எது, உள்ளே குழி இருக்கிறதா, அடுக்குகள் உண்டா. நாற்பது கடைசிச் சந்தேகத்துக்கு. மென்தசையும் டெண்டனும் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) ஒன்றாகத் தெரிகிறது என்றாயே, அந்த மாதிரிச் சந்தேகத்துக்கு. மென்தசையில் நியூக்ளியஸ் நாருக்கு உள்ளே, நடுவில் இருக்கும். டெண்டனில் நார்களுக்கு இடையில் வரிசையாக ஒடுங்கிக் கிடக்கும். எலும்புத் தசையென்றால் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும், குறுக்கு வரியும் தெரியும்.

ரெக்கார்டு நோட்டில் ஸ்லைடுகளை வரைவது வீண் வேலை என்று நீ சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோல்கி என்ற இத்தாலிக்காரர் 1873இல் வெள்ளி கலந்த ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அதில் சில நரம்புச் செல்கள் மட்டும் கிளையோடு கறுப்பாகத் தெரியும். ஸ்பெயினில் கஹால் என்ற விஞ்ஞானி அதே முறையை எடுத்துக்கொண்டு, பார்த்ததையெல்லாம் கையால் வரைந்தார். எல்லாம் ஒரே வலை என்றார் கோல்கி. இல்லை, ஒவ்வொன்றும் தனிச் செல் என்றார் கஹால். 1906இல் நோபல் பரிசை இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். கோல்கி தன் பரிசு உரையிலேயே கஹால் சொன்னதை மறுத்துப் பேசினாராம்! பின்னால் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்து கஹால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கஹால் வரைந்த படங்களை இன்றைக்கும் அச்சிடுகிறார்கள். நீ அவ்வளவு வரைய வேண்டாம். பக்கத்து ரெக்கார்டைப் பார்த்து வரையாமல், லென்ஸில் தெரிவதை வரைந்தால் போதும்.

பிங்க், வயலட் பென்சில் இரண்டு செட் வாங்கிக்கொள், அப்பா கணக்கில் பணம் போட்டுவிட்டார். வயலட்தான் சீக்கிரம் தீரும். நீ பொங்கலுக்கு வருவதற்குள் எங்கள் டாக்டரிடம் கேட்டு வைக்கிறேன். சம்மதித்தால் ஒருநாள் லேபுக்கு வந்து மைக்ரோடோமில் நீயே வெட்டிப் பார். முதலில் கிழியும். பிளேடில் மட்டும் கவனம், அதற்கு உன் விரலும் ஒன்றுதான், பாரஃபினும் ஒன்றுதான்.

ஸ்லைடைப் பார்த்துப் பெயர் எழுதும் ஸ்பாட்டர் பரீட்சையில் என்னென்ன வைத்தார்கள் என்று எழுது. நிணநீர் முடிச்சு, மண்ணீரல், தைமஸ் மூன்றில் ஒன்று நிச்சயம் இருக்கும். ஹசால் கார்பசில் என்கிற, வெங்காயம் போல அடுக்கடுக்கான செல் உருண்டை கண்ணில் பட்டால் தைமஸ் என்று எழுதிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போ.

அன்புடன்,
அம்மா