இல்லை என்றால் அதை எழுதிக் கொடுங்கள்: கல்விக் கடன் குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில அளவிலான வங்கியாளர் குழுவுக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

கலந்தாய்வில் இடம் கிடைத்த பிள்ளைகள் ஒதுக்கீட்டு ஆணையோடு உங்கள் கிளைகளில் வந்து நிற்கும்போது என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். விதிகளும் தெரியும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை மார்ஜின் (மாணவர் தரப்பில் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) கிடையாது. 7.5 லட்சம் வரை அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்கத் தேவையில்லை. கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி 75 சதவீதத்தை ஏற்கிறது. எனவே கடன் கொடுங்கள் என்று இந்த மடலில் கெஞ்சப்போவதில்லை. மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுதி, கையெழுத்திட்டுக் கொடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

பல கிளைகளில் மனுவை வாங்குவதும் இல்லை, மறுப்பதும் இல்லை. "அடுத்த வாரம் வாங்க." "டார்கெட் முடிஞ்சுருச்சு." "உங்க ஏரியா எங்க பிராஞ்சுல வராது." "அப்பாவுக்கு சிபில் சரியில்லையே." "ஒரு பாலிசி போடுங்க, பார்க்கலாம்." எல்லாம் வாய்ச்சொல், ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. ஏரியாவைக் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சிபில், அதாவது பழைய கடன்களைக் கட்டிய விதத்துக்கான மதிப்பெண், குறைவு என்பதற்காக மட்டும் மாணவரின் மனுவைத் தள்ளக் கூடாது என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. மனுவை நிராகரிப்பதானால் மேலதிகாரியின் ஒப்புதலோடு, காரணத்தை மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உங்கள் திட்டத்திலேயே இருக்கிறது. தாளில் எழுதினால் நிற்காத காரணங்கள் என்பதால்தான் வாயால் சொல்லப்படுகின்றன என்று நினைக்கத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

எழுத்தில் இல்லாத மறுப்பு பிள்ளையை எப்படிக் கட்டிப்போடுகிறது என்று பாருங்கள். கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் மத்திய அரசின் வித்யாலக்ஷ்மி இணையதளத்தில் நினைத்த அத்தனை வங்கிகளுக்கும் விண்ணப்பிக்க முடியாது. கிளையில் "இல்லை" என்று சொல்லிவிட்டு, தளத்தில் பரிசீலனையில் இருப்பதாகவே விட்டுவைத்தால் இருக்கும் வாய்ப்பில் ஒன்று முடங்கிக் கிடக்கும். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம் என்றால், முதலில் வங்கிக்கே புகார் கொடுத்துவிட்டுப் பதிலுக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். கல்லூரியின் கட்டணத் தேதி அதற்குள் போய்விடும்.

இதற்கு மேல், இந்தக் கல்லூரி மாணவர்தான் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழ். வங்கி போனஃபைடு கேட்கிறது. கல்லூரியோ முதல் தவணையைக் கட்டினால்தான் போனஃபைடு என்கிறது. தவணை கட்டத்தானே கடன் கேட்கிறார்கள்! ஒதுக்கீட்டு ஆணையையும் கல்லூரியின் கட்டண விவரத்தையும் வைத்துக் கொள்கை அளவில் ஓர் அனுமதிக் கடிதம் கொடுத்து, போனஃபைடு வந்ததும் கல்லூரிக் கணக்கில் பணத்தைச் செலுத்தினால் இந்த முடிச்சு அவிழும். சில மேலாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு நன்றி.

முதல் பட்டதாரிச் சலுகை இருக்கும் பிள்ளையிடம் "ட்யூஷன் ஃபீஸ்தான் கவர்மெண்டே கட்டுதே, லோன் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், புத்தகம், கம்ப்யூட்டர் எல்லாம் கடனில் சேர்க்கக்கூடிய செலவுகள்தான். கிராமத்துப் பிள்ளைக்குக் கழுத்தை நெரிப்பது பெரும்பாலும் விடுதிக் கட்டணம்தான்.

கல்விக் கடன் மேசையில் இழுத்தடிக்கப்பட்ட அம்மா, அதே கிளையில் நான்கு அடி தள்ளியிருக்கும் நகைக்கடன் கவுன்டருக்குப் போனால் மட்டும் வேலை சுறுசுறுப்பாக நடக்கிறது. அங்கே ஏரியாவும் கேட்பதில்லை, அப்பாவின் சிபிலும் கேட்பதில்லை. தாலிக்கொடியை எடைபோட்டு அன்றைக்கே பணம் தந்துவிடுகிறீர்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கேட்காத கடனும், 4.5 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்குத் தகுதியான படிப்பு என்றால் அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியமும் இருக்கும்போது, அந்த அம்மா முதல் மாதத்திலிருந்தே வட்டியைச் சுமக்கிறார். ஆட்சியர் அலுவலகக் கல்விக் கடன் முகாம்களில் ஆளுயரக் காசோலையோடு போட்டோ எடுப்பது இருக்கட்டும். முகாமில் வாங்கிய மனுக்களில் எத்தனை மனுக்கள் கிளைகளில் தூங்குகின்றன என்பதையும் மேடையில் ஒருமுறை வாசியுங்களேன்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிளைகளில் ஆள் பற்றாக்குறை இருக்கிறது, பழைய கல்விக் கடன்களில் வாராக் கடன் இருக்கிறது, இரண்டும் உண்மை. நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கான கேள்விகள் வேறு, அவற்றை இங்கே இழுக்கவில்லை. ஆனால் ஒரு மனுவை மறுத்து நான்கு வரி எழுத இவை எதுவும் தடையில்லை.

எனவே, அடுத்த கலந்தாய்வு தொடங்கும் முன் எல்லாக் கிளைகளுக்கும் ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மனு வாங்கிய அன்றே தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு. மறுத்தால் காரணம், மேலதிகாரியின் ஒப்புதல், கிளை முத்திரை, கையெழுத்து. தளத்திலும் அன்றே நிராகரிப்பைப் பதிவு செய்வது. அந்தச் சுற்றறிக்கையின் நகலைக் கிளையின் அறிவிப்புப் பலகையிலும் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாணவர்களுக்குக் கல்விக் கடன் மனு எழுதிக் கொடுக்கும் தன்னார்வலர்கள்