91 பையனுக்கு

ஞாயிறு இரவு

அன்புள்ள ரவி,

நாலு மாதமாக எழுதவில்லை. திட்டு. திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே. நம் கணக்கு வாத்தியார் கோடாலி சாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்க்கப் போனேன். "அந்த 91 பையன் எங்கே இருக்கான்?" என்றார். உன் பெயர் அவருக்கு மறந்துவிட்டது, 91 பகா எண் என்று நீ பந்தயம் கட்டியது மறக்கவில்லை.

அந்தப் பேச்சில்தான் எல்லாம் ஆரம்பித்தது. உன்னைவிடப் பெரிய ஆள் ஒருவர் இருந்தாராம். 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, 2-ஐ எத்தனை தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் 67-ம் இருந்தது. கணக்குப் போட்டால் 147573952589676412927. இருபத்தோரு இலக்கம். யார் போய்ச் சரிபார்ப்பது? நீ செய்ததும் இதேதான், ஆனால் முட்டாள்தனமாகச் சின்ன எண்ணில் போய்ப் பந்தயம் கட்டினாய்.

1876இல் லூகா என்பவர் அது பகா எண் இல்லை என்று நிரூபித்தார். ஆனால் எதால் வகுபடும் என்று அவருக்கும் தெரியாது. இது எனக்குப் புரியவே இரண்டு நாள் ஆனது. காரணி ஒன்றைக்கூடக் காட்டாமல், 'இது உடையும்' என்று எப்படிடா அடித்துச் சொல்ல முடியும்? முடிகிறது. பகா எண்ணாக இருந்தால் ஒரு கணக்கில் மீதி பூஜ்ஜியம் வந்தாக வேண்டும், வரவில்லை, அவ்வளவுதான். எங்கே உடையும் என்று தெரிய இன்னும் 27 வருஷம் ஆனது.

1903 அக்டோபர், நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். கோல் என்ற பேராசிரியர் பலகைக்குப் போய், 2-இன் 67-ஆவது அடுக்கைப் போட்டு ஒன்றைக் கழித்தார். பக்கத்தில் 193707721-ஐயும் 761838257287-ஐயும் எழுதிப் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டாராம். கூட்டம் கை தட்டியதாம்.

இன்று காலை நானும் போட்டேன். சிரிக்காதே. பெரிய தாளாக வேண்டும் என்று பழைய காலண்டரின் பின்பக்கம். பார்க்கப் பயமாக இருக்கிறதே தவிர, 193707721-இல் மூன்று ஏழு, இரண்டு ஒன்று. அதனால் 9, 3, 7, 2 என்று நாலு பெருக்கல்தான், மற்றதெல்லாம் பார்த்து எழுதுவது. முடித்ததும் கோடாலி சார் சொல்லிக்கொடுத்தபடி, ஒற்றை இலக்கம் வரும்வரை இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்த்தேன். பெருக்கிய எண்கள் பக்கம் 1, விடைப் பக்கம் 1. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தால் விடையில் இருபது இலக்கம்தான்! நடுவில் இருந்த பூஜ்ஜியத்துக்கு இடம் விடவில்லை. இடம் மாறினால் இலக்கக் கூட்டல் காட்டிக்கொடுக்காது என்று சார் நமக்குச் சொல்லவே இல்லையே. மறுபடி போட்டேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது, திட்டு கிடைத்தது, விடை வந்தது.

ஆனால் நான் போட்டது வெறும் பெருக்கல். கோல் தேடியதை நினைத்துப் பார். காரணி எதுவானாலும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும், அந்தத் துப்பு உண்டு. அப்படிப்பட்ட எண்களை வரிசையாக நிறுத்தினால் சின்னக் காரணியே 14,45,580-ஆவது இடத்தில் நிற்கிறது. பல எண்களைக் கழித்துக்கட்ட அவருக்கு வேறு வழிகளும் தெரியும் என்றாலும், எல்லாம் கையால். எவ்வளவு காலம் ஆனது என்று பின்னால் ஒருவர் கேட்டதற்கு, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

ரவி, ஓய்வுபெற்ற பிறகு எனக்கும் மூன்று வருஷம் ஆகிறது. போன ஞாயிறு என்ன செய்தேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

சரி, அப்புறம் முக்கியமான விஷயம். 91 என்பது 7 பெருக்கல் 13. பந்தயக் காசு ஐந்து ரூபாய் இன்னும் வரவில்லை. வட்டியை நீயே போட்டு அனுப்பு, கையால்.

உன்,
மணி