இளம் அணி தோற்றால் வயதுதான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி 2025இல் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) சாம்பியன் ஆனது பற்றி உங்கள் வாசகர் பகுதியில் வந்த கடிதங்களைப் படித்தேன். ‘போன வருடம் பிள்ளைகளுக்கு அனுபவம் பத்தவில்லை, தோற்றார்கள்; இந்த வருடம் முதிர்ச்சி வந்துவிட்டது, ஜெயித்தார்கள்’ என்று அடுத்தடுத்து இருவர் எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். டல்லாஸில் வேலை பார்க்கும் என் மருமகன் அந்த ஊர் அணியான மேவரிக்ஸின் ரசிகர். ‘சின்னப் பசங்க அத்தை, கடைசி நிமிஷத்துல கை நடுங்கிருச்சு’ என்று போனில் இன்றும் சொல்லிச் சிரிப்பார். கல்லூரியில் சென்டராக (கூடைக்கு அருகே நிற்கும் உயரமான ஆள்) ஆடி, பிறகு பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இந்த விளக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை.

2023-24 பருவத்தில் தண்டர் 57 ஆட்டங்களை வென்று மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. அவ்வளவு இளைய அணி எதுவும் அதற்கு முன் அந்த இடத்துக்கு வந்ததில்லை. பருவம் முடிந்ததும் முன்னணி அணிகள் மோதும் பிளே-ஆஃபின் முதல் சுற்றில் நியூ ஆர்லியன்ஸை 4-0 என்று துடைத்துவிட்டு, அடுத்த சுற்றில் டல்லாஸிடம் 4-2 என்று தோற்றது. ஆறாவது ஆட்டத்தில் 17 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டார்கள். கடைசியில் ஒரு புள்ளி முன்னே இருந்தபோது, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எறிந்த டல்லாஸின் பி.ஜே. வாஷிங்டனை தண்டரின் நட்சத்திரம் ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் ஃபவுல் செய்தார். மீதம் இருந்தது 2.5 விநாடி. வாஷிங்டன் இரண்டு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா வீச்சு) போட்டார், 117-116, கதை முடிந்தது. எல்லோர் மனத்திலும் நிற்பது இந்த ஒரு ஃபவுல்தான். ஆனால் ஷாய் அப்போது ஆறாவது பருவம் ஆடிக்கொண்டிருந்தார், அந்த ஆண்டின் எம்விபி (பருவத்தின் தலைசிறந்த வீரர்) வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தவர். அவரைச் சின்னப் பையன் என்று யார் சொல்வது?

அந்தத் தொடரை நான் பார்த்தது ரிங்குக்குக் கீழே. சென்டராக ஆடியவர்களுக்குக் கண் அங்கேதான் போகும். தண்டரின் செட் ஹோம்கிரன் ஏழடிக்கு மேல் உயரம், ஆனால் மூங்கில் மாதிரி உடம்பு. பக்கத்தில் துணைக்கு இன்னொரு பெரிய ஆள் கிடையாது. அந்தப் பருவம் முழுவதுமே ரீபவுண்டில் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதில்) லீக்கின் கடைசி வரிசையில் இருந்த அணி இது. மூன்று புள்ளி வீச்சுச் சதவீதத்தில் முதலிடத்தில் இருந்ததால் அந்தக் குறை மூடிக் கிடந்தது. டல்லாஸின் டேனியல் காஃபோர்டும் டெரெக் லைவ்லியும் அதைத் திறந்து காட்டினார்கள். லைவ்லிக்கு அப்போது 20 வயது, அதுவே அவருடைய முதல் பருவம்! அனுபவம் இல்லாததுதான் காரணம் என்றால், அந்த விதி இந்தப் பையனுக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை?

இரண்டாவது குறை தண்டரின் ஜாஷ் கிடி. நல்ல பாஸர், உயரமான கார்டு (பந்தை நடத்திச் செல்பவர்), ரீபவுண்டும் எடுப்பார். வெளியிலிருந்து வீச்சு மட்டும் நம்பகமில்லை. டல்லாஸ் அவரைக் காலியாக விட்டுவிட்டு, அவரைக் காக்க வேண்டிய ஆளை நடுவில் நிறுத்தியது. ஷாய் உள்ளே புகும் வழியெல்லாம் அடைபட்டது. ஐந்தாவது ஆட்டத்தில் கோச் மார்க் டெய்க்னால்ட், பருவம் முழுக்கத் தொடக்க ஐவரில் இருந்த கிடியை பெஞ்சில் உட்காரவைத்தார்.

அனுபவம் வேண்டும் என்று வாதாடும் வாசகர்கள் கார்டன் ஹேவர்டை எப்படி மறந்தார்கள் என்று தெரியவில்லை. அதே பருவத்தின் பாதியில் சார்லட் அணியிடமிருந்து அனுபவத்துக்காகவே கொண்டுவரப்பட்டவர் அவர். 34 வயது, 14வது பருவம். அந்த பிளே-ஆஃப் முழுவதிலும் அவர் எடுத்த புள்ளிகள் பூஜ்யம்.

காத்திருந்தால் தானாகக் கனியும் என்பதற்கும் இதே ஊரில் பதில் உண்டு. 2012 இறுதிப் போட்டியில் மயாமியிடம் 4-1 என்று தோற்ற தண்டர் அணியில் டுராண்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் மூவருமே 23 வயதைத் தாண்டாதவர்கள். ‘இன்னும் பத்து வருடம் இவர்கள் ராஜ்ஜியம்’ என்றார்கள். அந்த அக்டோபரிலேயே ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். மீதி இருவரும் சேர்ந்து அதன்பின் இறுதிப் போட்டியை எட்டவே இல்லை. 2021-22இல் 56 ஆட்டம் வென்ற இளம் மெம்ஃபிஸையும் இப்படித்தான் புகழ்ந்தோம். இரண்டு வருடம் கழித்து அவர்கள் 27 வெற்றியோடு நின்றார்கள். காயங்களும் தடைகளும் காரணம்தான், ஆனால் வயது மட்டும் கூடிக்கொண்டுதானே இருந்தது?

2024 கோடையில் தண்டரின் மேலாளர் சாம் பிரெஸ்டி செய்ததைப் பாருங்கள். கிடியை சிகாகோவுக்குக் கொடுத்து அலெக்ஸ் கரூசோவை வாங்கினார், ஆளுக்கு ஆள், வேறு எதுவும் சேர்க்காமல். நியூயார்க் நிக்ஸில் ஆடிக்கொண்டிருந்த ஐசையா ஹார்டன்ஸ்டைனை 3 ஆண்டுக்கு 8.7 கோடி டாலருக்கு எடுத்தார். தோற்ற தொடரில் தெரிந்த இரண்டு ஓட்டைக்கும் அளவெடுத்து இரண்டு ஆள். ஹார்டன்ஸ்டைன் அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 10க்கு மேல் ரீபவுண்ட் எடுத்தார். நவம்பரில் ஹோம்கிரனுக்கு இடுப்பெலும்பு முறிந்து பிப்ரவரி வரை உட்கார்ந்திருந்தபோதும் அணி சரியவில்லை. முடிவு 68 வெற்றி, 14 தோல்வி.

கரூசோவுக்கு 30 வயது, 2020இல் லேக்கர்ஸோடு கோப்பை வென்றவர், அது அனுபவம் இல்லையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் ஒப்புக்கொள்கிறேன். 2025 பிளே-ஆஃபில் டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் ஆறடி ஐந்தங்குல கரூசோவை, டென்வரின் கிட்டத்தட்ட ஏழடி சென்டர் யோகிச்சின் மேல் விட்டார் டெய்க்னால்ட். பந்து யோகிச்சின் கைக்கு வருவதற்கு முன்பே மறித்து மறித்து அவரைக் களைக்க வைத்தார் மனிதர். தண்டர் 125-93 என்று ஜெயித்தது. அதில் பழக்கம் உண்டு. ஆனால் பழக்கத்தைவிட அவருடைய காலும் கையும்தான் எனக்குத் தெரிந்தன.

கோப்பை வென்ற அந்த 2025 அணியிலும் குறை இல்லாமல் இல்லை. வெளி வீச்சு வறண்டுபோனால் தடுமாறுவார்கள். இறுதிப் போட்டியின் நான்காவது ஆட்டத்தில் மொத்தமே மூன்று மூன்று-புள்ளிதான் விழுந்தது. கடைசி நிமிடங்களில் ஷாய் ஒற்றை ஆளாகப் போட்டு ஜெயிக்கவைத்தார். முதல் ஆட்டத்தில் 0.3 விநாடி இருக்கும்போது இண்டியானாவின் ஹாலிபர்ட்டன் போட்ட பந்தில் தோற்றார்கள். அன்று காலையே மருமகனின் போன், ‘பார்த்தீங்களா, சின்னப் பசங்க!’ அதே ஹாலிபர்ட்டன் அதே பிளே-ஆஃபில் மில்வாக்கி, கிளீவ்லாண்ட், நியூயார்க் மூவரையும் இப்படித்தான் கவிழ்த்தார். அங்கெல்லாம் பால்குடி மறவாத பிள்ளைகளா ஆடினார்கள்?

இளமைதான் அவர்கள் பலம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் மாறி மாறி இறங்கி, 48 நிமிடமும் எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கும் டிஃபென்ஸ், கால் வலிக்காத வயதில்தான் முடியும். டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வு) யாரும் எடுக்காத லு டார்ட், 12வதாக எடுத்த ஜேலன் வில்லியம்ஸ் என்று பொறுக்கிச் சேர்த்த கூட்டம். ஐந்தாவது இறுதி ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்த ஜேலனுக்கு வயது 24. மணிக்கட்டுத் தசைநார் கிழிந்த நிலையில் ஆடினார் என்பது பிறகுதான் தெரிந்தது. 1977இன் போர்ட்லாண்டுக்குப் பிறகு இவ்வளவு இளைய அணி கோப்பை வாங்கியதில்லை.

நான் இதில் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் பள்ளி மைதானம். மாவட்டப் போட்டியில் தோற்று வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘பரவாயில்லை கண்ணு, போகப் போக வரும்’ என்று சொன்னால், மறுநாள் காலையில் எதைப் பழக வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. ‘பந்து ரிங்கில் பட்டதும் நீ மேலே பார்த்துக்கொண்டு நின்றாய், உன் முதுகை எதிராளி மேல் வைக்கவில்லை’ என்றால் தெரியும். உங்கள் பக்கத்தைப் படிக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தில் என்பிஏ முடிவுகளை வெளியிடும்போது, யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதோடு, இரு அணியும் எடுத்த ரீபவுண்ட், எதிராளியிடம் பறிகொடுத்த பந்து இரண்டின் எண்ணிக்கையையும் ஒரே ஒரு வரியில் போடுங்கள். இடம் போதாது என்றால் வீரர்களின் புகைப்படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர்,
கோயம்புத்தூர்.