கடல் வற்றிய இரவில் சிப்பிகளை நிமிர்த்தியவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிலிப்பைன்ஸின் பொஹோல் பகுதியை ஒடெட் புயல் தாக்கிய 2021 டிசம்பர் 16 இரவைப் பற்றி மறுபடி எழுதப் போவதில்லை. படங்களைப் பார்த்தீர்கள், செய்திகளைப் படித்தீர்கள், எங்களைத் தேடித் தவித்தீர்கள். தொலைபேசி உயிர் பெற்ற அன்று வந்து குவிந்த விசாரிப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுத ஆசைப்பட்டேன், முடியவில்லை. ஆகவே எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல். எங்கள் தீவில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். கூரைகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்கின்றன. மின்சாரம் இன்னும் வரவில்லை. புதிதாகக் கட்டிய சில பங்காப் படகுகள், இரு பக்கமும் மூங்கில் தாங்கிகளோடு, போன வாரம் கடலில் இறங்கிவிட்டன.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆனாலும் ஒரு லோலாவைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். லோலா என்றால் இங்கே பாட்டி. தன் பெயரை எழுதக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

பொஹோலின் வடக்கே இரட்டை வரிசையாக ஓடும் டனஹோன் பவளப்பாரின் தீவுகளில் எங்கள் தீவும் ஒன்று என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வெடி வைத்தும் சயனைடு அடித்தும் மீன் பிடித்து, ஒரு தலைமுறையாகத் தேய்ந்துபோன பார் இது. அதில் ஒரு பகுதியைத் தீவு மக்கள் மூடி வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் எதையும் எடுப்பதில்லை. அதற்குள்தான் தக்லோபோ என்கிற ராட்சதச் சிப்பிகளை வளர்த்துவந்தோம். முழுதாக வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும், இருநூறு கிலோவுக்கு மேல் எடை வரும். ஓட்டுக்காகவும் சதைக்காகவும் வாரி எடுத்ததில் இந்த இனம் பிலிப்பைன்ஸ் கடலில் பெரும்பாலான இடங்களில் இல்லாமலே போயிருந்தது. 1980-களில் பேராசிரியர் எட்கார்டோ கோமெஸும் அவருடைய குழுவினரும் சாலமன் தீவுகளிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் குஞ்சுகளைக் கொண்டுவந்து, லுசோனில் உள்ள பொலினாவ் கடல் ஆய்வகத்தில் வளர்த்து, நாட்டின் பல பகுதிகளுக்கு அனுப்பிவைத்தார்கள். அவர் 2019-இல் மறைந்துவிட்டார். அந்த உழைப்பின் ஒரு சிறு கிளை எங்கள் தீவில் இருந்தது.

இந்தச் சிப்பியின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெயில் பட்டால்தான் பாசி உணவு சமைக்கும், சிப்பி பிழைக்கும். ஆகவே வாய் மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும். அலை புரட்டிக் கவிழ்த்துவிட்டால், அல்லது மணல் மூடிவிட்டால், அதிக நாள் தாங்காது. இன்னொன்று, இவை அருகருகே இருக்க வேண்டும். விந்தும் முட்டையும் நீரிலேயே கலப்பதால், தூரதூரமாகச் சிதறிய சிப்பிகள் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் பெருகாது. புயல் வந்தபோது நான் பொஹோலின் தலைநகரான டக்பிலரானில் மாட்டிக்கொண்டிருந்தேன். படகு எதுவும் ஓடவில்லை. புரண்டு கிடக்கும் சிப்பிகள்தான் கண்முன் வந்துகொண்டே இருந்தன. வீடிழந்தவர்கள் இருக்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை.

அதே நாட்களில் தீவில் நடந்தது இது. வருடத்தின் இந்த மாதங்களில் இங்கே கடல் நன்றாக வற்றுவது இரவில்தான். புயலுக்குப் பின் வந்தது பௌர்ணமி. படகு இல்லை, வலை இல்லை, நிவாரண அரிசி இன்னும் வந்து சேரவில்லை. படகில்லாமல் கிடைக்கக்கூடிய ஒரே உணவு, வற்றிய பாரில் நடந்து பொறுக்குவது: ஐவிரல் சங்கு, மட்டி, கடல் முள்ளெலி. அதைக் காலங்காலமாகச் செய்துவருபவர்கள் பெண்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லாததால் நிலா வெளிச்சத்திலேயே பக்கெட்டோடு இறங்கினார்கள். தங்கள் பங்கைப் பொறுக்கி முடித்தபின், மூடிய பகுதிக்குப் போனார்கள்.

எல்லை காட்டும் மிதவைகள் அறுந்து போய்விட்டன. காவலுக்குப் போகும் படகு துண்டு துண்டாகக் கரையில் கிடந்தது. சிப்பிகளைக் கறிக்கு எடுத்திருந்தால் தட்டிக் கேட்க யாரும் இல்லை. பசித்த பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு எடுத்திருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் அவர்கள் இடுப்பளவு நீரில் நின்று, புதைந்தவற்றைக் கையால் தோண்டி எடுத்து, கவிழ்ந்தவற்றை நிமிர்த்தி, பெரியவற்றை இருவர் மூவராக உருட்டி, ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிறுத்தி, சாயாமல் இருக்கச் செத்த பவளக் கற்களைச் சுற்றிலும் அடுக்கியிருக்கிறார்கள். அடுத்த இரவும் போயிருக்கிறார்கள்.

நான் தீவில் கால் வைத்ததும் லோலா என்னிடம் முதலில் கேட்டது: “வாய் மேலே பார்த்துத்தானே இருக்க வேண்டும்? எல்லாவற்றையும் அப்படித்தான் வைத்தோம். மேற்கு ஓரத்தில் இருக்கிற பெரியதில் மட்டும் எனக்குச் சந்தேகம். நீ போய்ப் பார்த்துச் சொல்.”

அவர் வீட்டுக்கு அப்போது சுவர் இல்லை. நான்கு தூண்களும் ஒரு தார்ப்பாயும்தான். அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே, காப்பாற்ற முடியாமல் இறந்துபோன சிப்பிகளின் ஓடுகளைப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததுபோல் சுத்தமாக அடுக்கி வைத்திருந்தார். ஓட்டில் பொறித்திருக்கும் எண் வெளியே தெரியும்படி ஒவ்வொன்றையும் திருப்பி வைத்திருந்தார். எது போனது, எது இருக்கிறது என்று நாங்கள் கணக்கெடுப்போம் என்பது அவருக்குத் தெரியும். பாரில் எங்கள் வேலையைக் கரையிலிருந்து பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டதாம். அந்த ஓடுகளின் முன் உட்கார்ந்து நான் அழுதேன். லோலா, இதற்கு என்ன நன்றி சொல்வதென்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. மேற்கு ஓரத்துப் பெரியது சரியாகத்தான் இருக்கிறது. நேற்றும் பார்த்தேன்.

மற்றவர்களையும் இங்கேயே வணங்கிவிடுகிறேன். தங்கள் வீட்டுக் கூரையைக் கட்டுவதற்கு முன்பே மிதவைக் கயிற்றைக் கட்டிய பந்தாய் தாகத் கடற்காவல் தொண்டர்கள். கூலி பேசாமல் படகு இழைத்த தச்சர்கள். குடிநீரோடு வந்த டூமகெட்டி நகர மாணவர்கள். செபுவில் மருத்துவம் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் தங்கள் விடுதிச் சமையலறையிலிருந்து கட்டி அனுப்பிய அரிசி, பருப்பு, மருந்து. பணம் அனுப்பிய உங்கள் ஒவ்வொருவருக்கும். ஒட்டுப்பலகை, ஆணி, நைலான் கயிறு, மோட்டார் பாகங்கள் என்று செலவுக் கணக்கு தனியே வருகிறது. பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் சிலர் சேர்ந்து கொடுத்த தொகையும் வந்து சேர்ந்தது. மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் கடலில் பாசி எடுப்பதில்லை என்று அங்குள்ள பெண்கள் தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அதை லோலாவிடமும் மற்றப் பெண்களிடமும் இங்குள்ள விசாயன் மொழியில் சொன்னேன். எந்தெந்த நாட்கள், பிறை பார்த்தா தேதி பார்த்தா, மீறினால் என்ன செய்வார்கள் என்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடலை மூடி வைத்தால் அது திரும்பி வரும் என்பதைப் பிலிப்பைன்ஸ் மீனவர்கள்தான் உலகத்துக்குக் காட்டினார்கள். கடல் உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலா 1974-இல் சுமிலோன் தீவில் அதைத் தொடங்கினார். 1982-இல் ஆப்போ தீவு மக்கள் தங்கள் பாரின் ஒரு பகுதியைத் தாங்களே காவல் காக்க ஆரம்பித்தார்கள். மூடிய இடத்தில் பெருகிய மீன் வெளியே வழிந்து வலைக்கு வந்தது. 2011, 2012 புயல்கள் அந்தப் பகுதியையே சிதைத்தபோதும் அவர்கள் காவலைக் கைவிடவில்லை. 1998 மீன்வளச் சட்டம் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரையிலான கடலைச் சிறு மீனவர்களுக்கென்று ஒதுக்கியது. இவை எல்லாம் பெரிய வெற்றிகள். ஆனால் எங்கள் தீவில் எல்லை குறித்த காலத்தில், கூட்டத்தில் பேசியவர்கள் படகு உள்ளவர்கள். மூடப்பட்டது, பெண்கள் நடந்து பொறுக்கிய ஆழமற்ற பார். அந்த இழப்பைப் பற்றி யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. அந்தப் பெண்கள்தான் அந்த எல்லையைக் காத்தார்கள்.

இப்போது வந்திருக்கும் நிவாரணப் பட்டியலும் படகையும் வலையையும்தான் எண்ணுகிறது. உடைந்த படகுக்குப் புதுப் படகு உண்டு. பக்கெட்டும் இரும்புக் கம்பியும் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அதில் வரிசையே இல்லை. எனக்கு இது பொறுக்கவில்லை. தீவில் பொறுக்கும் பெண்கள் எல்லோருடைய பெயரையும் அவர்களோடு உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டோம். மீனவர் பதிவேட்டில் அந்தப் பெயர்கள் ஏறும்வரை ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்தத் தாளோடு போவேன். பாரின் கிழக்குப் பகுதியை முறைவைத்து மூடித் திறப்பது, எந்த மாதங்களில் திறப்பது என்பதைப் பொறுக்குபவர்களே முடிவு செய்வது என்று ஒரு திட்டமும் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன். உங்கள் பணத்தில் மீதமிருப்பதை அவர்களுடைய விளக்குகளுக்கும் ரப்பர் காலணிகளுக்கும் செலவிட விரும்புகிறேன். ஆட்சேபம் இருப்பவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள்.

அடுத்த அமாவாசை வற்றத்தில் சிப்பிகளை மறுபடி எண்ணுகிறோம். இந்த முறை கணக்குப் புத்தகம் லோலாவின் கையில்.

நன்றியுடன்,
பொஹோலிலிருந்து உங்கள் நண்பர்