சாக்சபோன் ஆறிப்போகும், ஐயா: கொடை விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டக் கோயில் கொடை, திருவிழாக் குழுப் பெரியவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கொடை மேடையில் சாக்சபோன் வாசித்த தம்பியை, கல்யாணி ராக ஆலாபனையின் பாதியில் நிறுத்தச் சொல்லி, நன்கொடையாளர்களுக்குப் பொன்னாடை போர்த்தியதை நாங்கள் விவரிக்கத் தேவையில்லை. முன்வரிசையில் நீங்களே இருந்தீர்கள். திரும்ப ஊதியபோது சுருதி இறங்கியிருந்தது. "பையனுக்குச் சாதகம் போதாது" என்று மறுநாள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது.

பயிற்சிக் குறைவல்ல, ஐயா. சாக்சபோனுக்குள் இருக்கும் காற்று மூச்சில் சூடேறினால் சுருதி ஏறும். ஊதாமல் வைத்தால் இறங்கும். பத்து டிகிரி செல்சியஸ் வித்தியாசம் என்றால், அரைக் கட்டையில் (அடுத்தடுத்த இரு சுரத்தானங்களின் இடைவெளியில்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சுருதிப் பெட்டி அசையாமல் நிற்கும். அதனால்தான் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஓடும்போது விவரமறிந்தவர்கள் சத்தமில்லாமல் உள்ளே மூச்சு விட்டு வாத்தியத்தை ஆறவிடாமல் வைத்திருப்பார்கள். கடற்காற்றடிக்கும் திறந்த பந்தலில், எழுந்து நின்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருப்பவர் எப்படி ஊதுவார்? வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸில் பொருத்திய, நாணலில் சீவிய ரீடும் அதற்குள் காய்ந்து கீச்சிடும். இறங்கிய சுருதியை, மவுத்பீஸைக் கார்க்கில் ஒரு நூலளவு உள்ளே தள்ளிச் சமாளிக்கலாம். மறுபடி சூடேறியதும் வெளியே இழுக்க வேண்டிவரும்.

இன்னொன்று. நாகஸ்வரத்தில் விரலால் துளையைப் பாதி மூடி, சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்தைப் பிடிக்கலாம். சாக்சபோனில் துளையை மூடுவது தோல் பேட் ஒட்டிய சாவி. இழைவெல்லாம் உதட்டிலும் தாடையிலும் மூச்சிலும்தான் பிறக்க வேண்டும். உதடு பதமாகும் முன்பே "ஆரம்பிங்க தம்பி" என்றால் பிசிறத்தான் செய்யும்.

ஆகவே கேட்பது இதுதான்: கச்சேரிக்கு முன் சுருதி சேர்க்க அரை மணி நேரம், பிறகு இடையூறில்லாத ஒன்றரை மணி நேரம்.

அந்த அரை மணியில் மைக்கையும் சரிபார்க்கலாம். வாத்தியத்தின் விரிந்த முனையான பெல்லுக்குள் மைக்கைத் திணிக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விடச் சொல்லுங்கள். அடிமட்டச் சுரங்களுக்குத்தான் ஒலி பெல் வழியாக வருகிறது. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் திறந்திருக்கும் துளைகள் வழியாகத்தான். உள்ளே திணித்தால் கீழ்ச் சுரம் இடிக்கும், மேல் சஞ்சாரம் மெலிந்துபோகும். ஓரடி தள்ளி, நடுச் சாவிகளைப் பார்த்து வைத்தால் போதும். எக்கோவையும் குறைக்கச் சொல்லுங்கள். வேகமாக உருளும் பிருகா சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகின்றன.

வாழ்த்துரையில் மட்டும் கர்நாடக இசைச் சாக்சபோன் மேதை கத்ரி கோபால்நாத் பெயர் தவறுவதில்லை. 1994-இல் லண்டன் பிபிசி ப்ராம்ஸ் இசை விழா மேடையில் வாசித்தவர், 2004-இல் பத்மஸ்ரீ பெற்றவர். ராகத்தின் நடுவே சால்வைக்காக எழுந்து நின்றா அந்த இடத்துக்குப் போனார்? அவர் 2019-இல் மறைந்த பிறகு இந்த வாத்தியத்தை யார் எடுத்துச் செல்லப்போகிறார்கள் என்று உருகுகிறீர்கள். எடுத்துச் செல்ல வந்தவருக்கோ "வளர்ற பையன்தானே" என்று பக்கவாத்தியக்காரர்களின் வேன் வாடகைக்கே போதாத கவர். கூடவே சினிமாப் பாட்டு கேட்டு ஒரு துண்டுச் சீட்டு. அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், வயலின் என்று பாடங்கள் உண்டு; சாக்சபோன் கிடையாது. தனியாகக் குரு தேடிக் கற்று, உப்புக் காற்றில் துருப்பிடித்து ஒடியும் ஊசி ஸ்பிரிங்கையும், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும் ஜி ஷார்ப் சாவியையும் தானே பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு நாம் செய்யும் மரியாதை இது. சீரியல் லைட்டுக்கு மட்டும் பட்ஜெட்டில் என்றைக்கும் குறை வந்ததில்லை.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்தருள்க. பொன்னாடை வேண்டாம் என்று சொல்லவில்லை. கச்சேரிக்கு முன்போ மங்களம் முடிந்த பின்போ போர்த்துங்கள். அடுத்த கொடைக்கு நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன், நிகழ்ச்சி நிரலில் "சுருதி சேர்த்தல், அரை மணி நேரம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாகர்கோவில் வட்டாரக் கச்சேரி ரசிகர்கள் சிலர்