தெரு வணிகர் சங்கம், திருவல்லிக்கேணி: 2025–26 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கும் பதினேழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். மொத்தம் 64 பேர் என்பதைப் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

தண்ணீர்ப் பந்தல், கொடியேற்றம், ஆயுதபூஜை எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

அப்புறம் சிக்னல் விஷயம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு நினைவிருக்கும். போனில் நாலு கோடும் காட்டியது, ஆனால் கியூஆரை ஸ்கேன் செய்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு கோபுரத்தின் அலைவரிசையை வட்டாரத்தில் உள்ள எல்லோரும் பங்குபோட வேண்டும். கூட்டம் நெரிந்தால் ஆளுக்குக் கிடைப்பது நூலளவுதான். விளக்குக் கம்பங்களில் சிக்னல் தரும் சின்னப் பெட்டிகள் மாட்டினால் சரியாகும். ஆனால் போன் கம்பெனிக்கு ஒன்று என்றால் நம் சந்து தாங்காது. ஒரே பெட்டியை எல்லோரும் பகிர்ந்துகொள்ளட்டும் என்று மனு கொடுத்து நான்கு முறை அலைந்தேன். ஒரு கம்பெனி ஆள் வந்து, தங்கள் பெட்டிக்கு மட்டும் இடம் கேட்டார். மறுத்துவிட்டேன். அதற்காக என்னைத் திட்டுகிறவர்கள், வேறு சிம் வைத்திருக்கும் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கட்டும். கதிர்வீச்சு என்று மனுவில் கையெழுத்துப் போட மறுத்தவர்களுக்கு: கோபுரக் கதிர்வீச்சு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குக்குள்தான் இருக்க வேண்டும் என்று நம் நாட்டில் 2012இலேயே விதி வந்துவிட்டது. மறுத்தவர்களில் ஒருவர் தன் மொட்டைமாடியைக் கோபுரத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். சரி, அதை விடுவோம்.

மனு நகராததால் முனை டீக்கடையில் பிஎம்-வாணி வைஃபை வைத்தோம். சின்னக் கடைகளும் பொது வைஃபை தர வழிசெய்யும் இது, மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் தந்த திட்டம். பழைய எஸ்டிடி பூத் மாதிரிதான். கடைக்காரருக்கு உரிமமும் வேண்டாம், பதிவுக் கட்டணமும் இல்லை. எந்த சிம்காரரும் செயலி வழியாக நுழையலாம். கேபிளில் வருவதால் கோபுர நெரிசல் இதைத் தொடாது. முன்பு விசாரித்தபோது லீஸ்டு லைன், அதாவது நிறுவனங்களுக்கான தனி இணைப்பின் விலை சொல்லி மிரட்டினார்கள். 200 எம்பிபிஎஸ் வேகம் வரை, இப்படி வைஃபை வைக்கும் கடைகளிடம் வீட்டு இணைப்புக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 ஜூனில் உத்தரவிட்ட பிறகே நமக்குக் கட்டுப்படியானது. பொங்கல் நெரிசலில் டீக்கடையைச் சுற்றியுள்ள நான்கு கடைகளில் பணம் தடையில்லாமல் விழுந்தது. அவற்றில் மூன்று, இரண்டு வருடமாகச் சந்தா கட்டாதவை.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. அவர் ஊரில் இல்லை. இடமும் கரண்டும் தந்த டீக்கடைக்காரருக்கும், நிர்வாகக் குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு தெருவின் மறுமுனைக்கு இன்னும் இரண்டு ரவுட்டர் வேண்டும். வேறு யாராவது பொறுப்பேற்க விரும்பினால் மனு நகல்களையும் பாஸ்வேர்டையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் கை தூக்காவிட்டால் நானே அலைகிறேன். சந்தா நோட்டு வாசல் மேஜையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.

செயலாளர்