சர்ச்சைக்குரிய ஒரு பூச்சாடி: எங்கள் தொடர்மாடி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மொட்டைமாடியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வட்ஸ்அப்பில் ஆளுக்கொரு கதையாக ஓடியதில் வெள்ளவத்தையில் பாதிப்பேருக்கும் தெரிந்திருக்கும். எனவே சுருக்கமாகவே சொல்கிறேன். என் அம்மாவின் சாடியில் ஐப்பசி மழைக்கு முளைத்து, தண்ணீர்த் தாங்கியின் கம்பியைப் பிடித்து ஏறி, கார்த்திகையில் பூத்த ஒரு கார்த்திகைப்பூக் கொடி. யாரோ படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அடுத்த நாள் பார்த்தால் கிழங்கோடு பிடுங்கியாயிற்று. அன்று பின்னேரமே லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவித்தல்: "சர்ச்சைக்குரிய தாவரங்களைப் பொது இடங்களில் வளர்ப்பது தடைசெய்யப்பட்டுள்ளது."

மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தீர்கள். தண்ணீர் வெட்டு என்றால் ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டுகிற கட்டடத்தில் இது பெரிய முன்னேற்றம். அதற்கு நன்றி.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். அந்த அறிவித்தலை வாபஸ் வாங்குங்கள். என் அம்மாவிடம் கேட்ட விளக்கக் கடிதத்தையும் அதோடு சேர்த்து.

கொடி போனதைக்கூட விட்டுவிடலாம், கிழங்கு இன்னொன்று கிடைக்கும். ஆனால் விளக்கக் கடிதம் என்று ஒன்று கேட்டீர்களே, அதை விட முடியவில்லை. "இந்தத் தாவரம் யாரிடமிருந்து பெறப்பட்டது, என்ன நோக்கத்துக்காக வளர்க்கப்பட்டது என்பதை எழுத்தில் தரவும். தேசிய அடையாள அட்டையின் பிரதியையும் இணைக்கவும்." அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நம் லிஃப்ட் மொட்டைமாடி வரை போகாது என்பது உங்களுக்குத் தெரியும். கடைசி மாடிப்படிகளைக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, நடுவில் ஒருதரம் உட்கார்ந்து, அவர் ஏறுவது அந்தச் சாடிகளுக்காக மட்டும்தான். உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குள் போய் அலுமாரித் தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு வந்தார்.

உள்ளே முழுக்க யுத்த காலத்துப் பொலிஸ் பதிவுத் துண்டுகள். நாங்கள் வாடகைக்கு இருந்த வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள், எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று எழுதிக் கொடுத்து முத்திரை குத்தி வாங்கியவை. மடிப்பில் கிழிந்த இடங்களில் அவர் ஒட்டிய செலோடேப் மஞ்சளாகி, அதன் கீழே எழுத்து மங்கிக் கிடக்கிறது. ஒவ்வொன்றாக விரித்து மேசையில் வைத்துவிட்டு, "இதைக் காட்டினால் போதும்தானே பிள்ளை? வந்த காரணம் எல்லாம் இதிலே இருக்கு" என்று கேட்டார்.

2007 ஜூனில் வெள்ளவத்தை லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. அந்த நாட்களில் தன்னைக் காப்பாற்றியது இந்தத் துண்டுகள்தான் என்று அம்மா இன்றைக்கும் நம்புகிறார், அதனால்தான் எதையும் வீசவில்லை. இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குழுவில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள்தான். உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படி ஒரு டின்னோ ஃபைலோ இருக்கும். தெரிந்துகொண்டே அப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, யார் கேட்டு இந்த விசாரணை? பொலிஸ் வந்ததா? மாநகர சபை ஏதும் கேட்டதா? கீழ்மாடியில் இருக்கும் சிங்கள அன்ரி அந்தப் பூவைப் பார்த்ததும் "ஆ, நியங்கலா!" என்று தன் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். குருநாகலில் அவருடைய தாய் வீட்டு வேலியிலும் அது படர்ந்திருந்ததாம். பயந்தது நாங்கள். "ஏன் வீண் பிரச்சினை" என்று யாரும் கேட்காத கேள்வியை நாங்களே கேட்டு, விசாரணையையும் நாங்களே வைத்து, நடக்கமுடியாத ஒரு மனுசியிடம் வாக்குமூலமும் வாங்கப் பார்க்கிறோம்.

கார்த்திகைப்பூவைப் புலிகள் தங்கள் தேசியப் பூ என்று அறிவித்தார்கள். அதை மறைக்க நான் வரவில்லை. மாவீரர் நாள் வரும் நவம்பர் வந்தால் அந்தப் பூவைப் பார்க்கிற கண் மாறிவிடுகிறது, எனக்கும்தான். அதைப் பார்த்து அழுகிறவர்களும் இருக்கிறார்கள், கோபப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் காரணம் உண்டு. ஆனால் அந்தப் பூ அன்றைக்குத்தான் பிறந்ததா? பெண்ணின் விரலுக்குக் காந்தள் என்ற பெயரில் அதை உவமை சொன்ன சங்கப் புலவர்களுக்கு எந்த இயக்கத்தைத் தெரியும்? முருகனுக்குக் காந்தள் சூட்டியவர்கள் யாரிடம் அனுமதி வாங்கினார்கள்? தமிழ்நாட்டின் மாநில மலர் அதுதான். அங்கே கண்வலிக்கிழங்கு என்று தோட்டம் தோட்டமாக வளர்க்கிறார்கள், விதையில் இருந்து எடுக்கும் கொல்கிசின் மூட்டுவாத மருந்தாகிறது. சிம்பாப்வேயின் தேசிய மலரும் அதுதான். அந்த நாடு தெற்கு ரொடீசியாவாக இருந்த 1947இல், இளவரசி எலிசபெத்தின் 21ஆவது பிறந்தநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் கைக்காசு சேர்த்துக் கொடுத்த வைரப் பதக்கம் இந்தப் பூவின் வடிவம். அவரிடம் விளக்கக் கடிதம் கேட்க இப்போது வழியில்லை, உங்களுக்குக் கொஞ்சம் பிந்திவிட்டது.

அம்மாவுக்கு அந்தப் பூ என்றால் என்ன என்று உங்களில் ஒருவராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மாரி பிடித்துவிட்டது, கார்த்திகை விளக்கீடு வரப்போகிறது, அவ்வளவுதான். வாழைக்குற்றியில் தேங்காய்ப் பாதியை வைத்து எண்ணெய் ஊற்றித் திரி கொளுத்திய வளவும், அந்த வளவின் வேலியும் அவருக்கு அந்தக் கொடியில் இருக்கின்றன. விரிந்த அன்று பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். ஆறு இதழ்களும் பின்பக்கமாக மேலே வளைந்து நிற்கும், ஓரம் நெளிநெளியாக. பிறகு நுனியில் இருந்து சிவப்பு இறங்கி இறங்கி மஞ்சளைத் தின்றுகொண்டு வரும். கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது, இலையின் நுனியே சுருண்டு கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். அம்மா தினமும் போய்ப் பார்த்தது இதைத்தான், எந்த இலை எந்தக் கம்பியைப் பிடித்திருக்கிறது, எந்தப் பூ எவ்வளவு சிவந்திருக்கிறது என்று.

நஞ்சு என்றும் ஒரு காரணம் சொன்னீர்கள். உண்மைதான், கிழங்கு கடும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடம் என்று அதை மட்டும் சொல்லியிருந்தால் நானே சாடியை எங்கள் பல்கனிக்குக் கொண்டுபோயிருப்பேன். ஆனால் வாசலில் அழகுக்கு வரிசையாக நட்டிருக்கிறீர்களே அலரி, அது என்ன கீரையா? லொபியில் வெள்ளைப் புள்ளி போட்ட இலையோடு நிற்கும் டிஃபன்பாக்கியாவைக் கடித்தால் பிள்ளையின் நாக்கும் வாயும் வீங்கும். அவற்றிடம் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை.

ஆகவே நஞ்சு அல்ல, சர்ச்சைதான் காரணம். அப்படியானால் பட்டியலைத் தாருங்கள். எது சர்ச்சைக்குரிய தாவரம், எது இல்லை என்று தெரிந்தால்தானே குடியிருப்பாளர்கள் கவனமாக இருக்கலாம்? தாமரை மொட்டில் இருந்து தொடங்குவோம். அது ஒரு கட்சியின் சின்னம். 2019இலும் 2020இலும் தேர்தலில் வென்றது அந்த மொட்டு, 2022இல் காலிமுகத்திடலில் சனம் திரண்டு நின்றதும் அந்த மொட்டின் ஆட்சிக்கு எதிராக. இருந்தும் போயா நாளில் தட்டில் தாமரை மொட்டோடு விகாரைக்குப் போகும் யாரையாவது நிறுத்தி, நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டிருக்கிறோமா?

பூவரசு? அதுவும் உள்ளே வரவேண்டும். நவம்பர் 11இல் போரில் இறந்தவர்களின் நினைவாகப் பொப்பிப் பூ விற்ற காசின் பெரும்பகுதி பிரித்தானியப் படைவீரர்களுக்குப் போகிறது என்று, 1931இல் அதற்குப் போட்டியாகப் பூவரசம்பூவை விற்கத் தொடங்கினார்கள். 1933 முதல் கொழும்பின் இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையில் எடுத்து ஏகாதிபத்தியத்துக்கு எதிரான இயக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். பூவரசம்பூவின் சிங்களப் பெயரில் சூரியமல் இயக்கம் என்றால் உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய அந்த மரம் வெள்ளைக்கார அரசுக்கு எவ்வளவு சர்ச்சைக்குரியது பாருங்கள். பொப்பியும் அப்படித்தான், குத்திக்கொள்கிறவருக்கு நினைவு, மறுப்பவருக்குப் பேரரசு. பௌத்தர்கள் வணங்கும் அரசமரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்கும் இந்தக் கட்டடத்தில் தொடர்ந்து குடியிருக்க வேண்டும்.

பூவைத் தள்ளிவைப்பது எங்களுக்குப் புதிதும் அல்ல. தாழம்பூ பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னது என்று சிவபூசையில் சேர்ப்பதில்லை. பிள்ளையாருக்கு வழக்கமாகத் துளசி சாத்துவதில்லை, அவருக்குப் பிடித்த எருக்கைப் பலர் வீட்டு வளவில் வைக்கவே மாட்டார்கள். ஆனால் தாழம்பூவுக்காவது ஒரு குற்றச்சாட்டு இருந்தது, அது சொன்ன பொய் என்ன என்று கதையில் தெளிவாக இருக்கிறது. எங்கள் மொட்டைமாடிக் கொடி சொன்ன பொய் என்ன?

இதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு சந்தர்ப்பம் வராது. முன்வாசல் மதிலோரம் நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் இருந்தன. காலையில் இந்தக் கட்டடத்து வயசாளிகள் பூக்கூடையோடு அங்கே நின்று கதைத்துவிட்டுத்தான் சாமியறைக்குப் போவார்கள். "நவீன தோற்றம்" என்று அவற்றைக் கிளப்பிவிட்டுப் பச்சை பிளாஸ்டிக் புல் விரித்தீர்கள். இப்போது கோவில் வாசலில் சின்னப் பையில் நாலு பூவுக்குக் கொடுக்கும் காசில் ஒருநேர மரக்கறி வாங்கலாம். பிளாஸ்டிக் புல்லில் ஒரு சர்ச்சையும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதில் வெயில் நேரம் வெறுங்காலை வைத்துப் பார்த்த உறுப்பினர் யாராவது இருந்தால் கைதூக்குங்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். குழுவில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் தங்கள் நேரத்தைச் செலவழித்துத்தான் இந்த வேலையைச் செய்கிறீர்கள். ஜெனரேட்டர் பழுதானபோது இரவிரவாக நின்று திருத்தியதும் நீங்கள்தான். உங்கள் பயமும் எனக்கு விளங்காமல் இல்லை. ஒரு படம் பேஸ்புக்கில் போய், அதன் கீழே நாலு பேர் நாலு விதமாக எழுதி, பிறகு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். ஆனால் அந்த ஜீப் வருவதற்கு முன்னாலேயே அதன் வேலையை நாம் செய்து கொடுக்க வேண்டுமா?

ஆகவே பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். "சர்ச்சைக்குரிய தாவரங்கள்" அறிவித்தலை எடுத்துவிடுங்கள். நஞ்சுள்ள செடிகளைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள் என்று வேண்டுமானால் புதிதாக ஒன்று ஒட்டுங்கள், அலரியையும் சேர்த்து. முதல் கையெழுத்து நான் போடுகிறேன். அம்மாவிடம் கேட்ட விளக்கக் கடிதம் தேவையில்லை என்று இரண்டு வரி எழுதி, செயலாளர் ஒப்பமிட்டுத் தாருங்கள். வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார், எழுத்தில் வேண்டும். எழுத்தில் இருப்பதைத்தான் அவர் இத்தனை வருடம் நம்பி வந்திருக்கிறார்.

அப்புறம், கிழங்கைப் பிடுங்கிய செக்யூரிட்டி தம்பியை யாரும் ஏசவேண்டாம். சொன்னதைத்தான் செய்தார். அவர் அதை எங்கே போட்டார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். ஈரம் படாமல் கிடந்தால் அடுத்த மழைக்கு முளைக்கும் என்கிறார் அம்மா. இந்தமுறை எங்கள் பல்கனிக்குள்தான் வைப்போம், அதற்கு உங்கள் அனுமதி தேவையில்லை என்று நினைக்கிறேன். தேவை என்றால் எந்த விதியின்கீழ் என்று சொல்லுங்கள்.

இந்த மடலை அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கும்படி வேண்டுகிறேன். பராமரிப்புக் கட்டண விடயத்துக்கு முன்னால் போட்டால் நல்லது. அதற்குப் பிறகு யாரும் கூட்டத்தில் இருப்பதில்லை.

நன்றி.

இப்படிக்கு,
ஐந்தாம் மாடிக் குடியிருப்பாளர் ஒருவர்
கொழும்பு 6